வரப்போகிறவருக்காக ஒரு வெள்ளைச் சுவர்

1

காலை எட்டு மணி பத்து நிமிடம். மாடி ஜன்னல் திரையை விலக்கியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு சம்மட்டி. அதைப் பிடித்திருந்தவர் எங்கள் வீட்டு வேலியோரம் ஒரு மரக்கம்பத்தை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். கம்பத்தின் தலையில் ஒரு பலகை. 'விற்பனைக்கு' என்று சிவப்பு ஆங்கில எழுத்துகள். கம்பம் நிமிர்ந்து நின்றதும் அவர் ஒரு முறை ஆட்டிப் பார்த்தார், வேனில் ஏறிப் போய்விட்டார்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறோம். நான் வேலை பார்த்த பின்னலாடைக் கிடங்கை இந்த வசந்தத்தில் மூடிவிட்டார்கள். கடைசி மாதங்களில் அங்கே வந்து இறங்கிய அட்டைப் பெட்டிகளில் பாதி, என் சொந்த ஊரான திருப்பூரிலிருந்து வந்தவை. செவிலியான என் மனைவி செல்விக்கு வேறு ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. அதனால் வீட்டை விற்கிறோம். காரணம் இவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பலகையைப் பார்த்ததும் கீழே போய் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடலாமா என்று தோன்றியது.

திருப்பூரில் வீடு விற்பதை யாரும் பலகை போட்டுச் சொல்வதில்லை. சொன்னால் மறுநாளே டீக்கடையில் பேச்சு எழும்: "என்னவாமா, கம்பெனி நொடிச்சுப் போச்சா? இல்ல, அண்ணந் தம்பிக்குள்ள எதாச்சுமா?" தரகர் பொழுது சாய்ந்தபின் வருவார். வாங்குகிறவர் ஒறம்பரை போல, விருந்தாளியாக வந்து தண்ணீர் குடித்துவிட்டு, சுவரைப் பார்க்காததுபோல் பார்த்துவிட்டுப் போவார். இங்கே எதிர்வீட்டு குஜராத்திப் பெண்மணி மத்தியானத்துக்குள் கதவைத் தட்டி, எந்த ஊருக்குப் போகிறோம், என்ன விலை கேட்கிறோம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்.

2

முந்தைய வாரமே வீடு விற்பனை முகவர் வந்து அறை அறையாகப் பார்த்திருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் டை, கையில் அளவு நாடா. எல்லாச் சுவருக்கும் ஒரே நிறம் அடிக்கச் சொன்னார். ஒரு டம்ளர் பாலில் இரண்டு சொட்டு டிக்காக்ஷன் விட்டதுபோன்ற நிறம். இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் வீடுகளில் முக்கால்வாசி அந்த நிறத்தில்தான் இருக்கின்றன. கூடத்துச் சிவப்புக் கம்பளத்தை எடுத்துவிட்டு சாம்பல் கலந்த ஒன்றை விரிக்க வேண்டும். குளியலறையில் பச்சைத் தொட்டி கூடாது, வெள்ளைதான். குடும்பப் புகைப்படங்கள் வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமி படங்களைப் பார்த்து, இவை அழகாக இருக்கின்றன, ஆனால் விற்று முடியும்வரை வேறு எங்காவது வைத்துக்கொள்ளலாமே என்றார். யாராவது பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து தாளிக்க வேண்டாம். வருகிற நேரத்தில் காப்பி போட்டு வைத்தால் நல்லது.

"வாங்க வருகிறவர்கள் தங்களை இந்த வீட்டில் கற்பனை செய்துகொள்ள வேண்டும்," என்றார். "உங்களை அல்ல."

அவர் போனபின் செல்வி கேட்டாள்: "நாம இங்க குடியிருந்ததே தெரியக் கூடாதுங்கறானா?"

"ஆமா."

"அப்ப பூட்டிப்போட்டு இப்பவே போயிறலாமே. காப்பி மட்டும் ஆரு போடறது?"

எங்கள் மகள் கயலுக்குப் பதினான்கு வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவள் அறைச் சுவர் கரு நீலம். போன வருடம் அவளே நிறம் பார்த்து வாங்கி அவளே அடித்தது. ஒரு மூலையில் தூரிகை தடுமாறிய இடம் கூரையில் இன்னும் தெரியும். அதையும் பால் நிறமாக்க வேண்டும் என்று முகவர் சொல்லியிருந்தார். கயல் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "இன்னும் வராத யாரோ ஒருத்தருக்கு எது பிடிக்கும் என்று இவருக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. இதே கேள்வியை ஐந்து வருடங்களுக்கு முன், திருப்பூரில், என் அண்ணனிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

3

தொண்ணூற்றிரண்டாம் வருடம் ஆடி மாதம், விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக ஊருக்குப் போனேன். அண்ணன் கந்தசாமி வீட்டை விற்க உதவி கேட்டிருந்தார். எழுபதுகளின் கடைசியில் அப்பா கட்டிய வீடு அது. சிவப்புக் காவித் தரை, இரண்டு அறை, கூடம், சமையலறை. கட்டியபோது பின்னால் சோளக்காடு இருந்தது. இப்போது பின்சுவருக்கு அப்பால் ஒரு பிளீச்சிங் பட்டறை. பனியன் துணியை வெளுக்கிற தொட்டிகளைக் காலையில் திறந்தால், குளோரின் நெடி சுவர் ஏறிக் குதித்து வரும். புதிதாக வருகிறவர்களுக்குக் கண் கரிக்கும். அங்கேயே இருப்பவர்களுக்குப் பழகிவிடும் என்று சொல்வார்கள்.

அண்ணி சரசுவுக்குப் பழகவில்லை. மூன்று வருடமாக இழுப்பு. நான் போயிருந்தபோது பேச்சின் நடுவில் நிறுத்தி, மூச்சைத் தேடிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மருத்துவர் அண்ணனிடம் நேராகச் சொல்லியிருந்தார்: பனி தொடங்குவதற்குள் அந்த அம்மாவை இந்தக் காற்றிலிருந்து வெளியே கொண்டுபோய்விடுங்கள், இன்னொரு மார்கழியை அங்கே கழிப்பது ஆபத்து. அண்ணியின் தங்கை குடியிருக்கும் ஊத்துக்குளியில் ஒரு வீடு விலைக்கு இருந்தது. சொந்தக்காரர் தீபாவளி வரை காத்திருக்க ஒப்புக்கொண்டிருந்தார். அதை வாங்க வேண்டுமானால் இதை விற்றாக வேண்டும்.

"அதுவரைக்கும் தங்கச்சி ஊட்ல போயி இருங்களேன் அண்ணி," என்றேன்.

"ஒறம்பரையா எத்தன நாளைக்குங்க தம்பி? பத்து நாளைக்கு மோரு. பதனொண்ணாம் நாளு தண்ணி."

ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வீடு விற்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் பத்திர ஆபீஸ் வாசலில் கூட்டம் நிற்கும். ஆகவே ஆடி மாதம் முழுவதும் வீட்டைத் திருத்துவது என்று அண்ணனும் தரகர் நாச்சிமுத்துவும் முடிவு செய்திருந்தார்கள். திருத்துவது யாருக்காக என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

"திருப்பூர்ல இன்னிக்கு ஊடு வாங்கறவன் குடியிருக்க வாங்குறதில்லீங்க," என்றார் நாச்சிமுத்து. "கம்பெனி போட வாங்குறானுங்க. நடுச் செவுத்த எடுத்துப்போடுங்க. மூணு பேஸ் கரண்டு இழுங்க. பத்து மிசினு வரிசையா நிக்கறாப்புல இருந்துச்சுனா, நான் வாயத் தொறக்கவே வேண்டீதில்ல. ஊடே பேசும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தெருவிலேயே ஐந்தாறு வீடுகளில் தையல் மிஷின்கள் ஓடின. ஒரு வீட்டில் படுக்கையறையில் காஜா அடித்தார்கள். பூஜையறையில் பித்தான் மூட்டைகள்.

4

அண்ணன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து முடித்த பனியனைக் கறை, ஓட்டை, நிற வேறுபாடு பார்த்துக் கழிப்பது அவர் தொழில். இருபது வருடம் அதையே செய்தவருக்கு வீட்டைத் திருத்துவதும் அதே வேலையாகிவிட்டது. காவித் தரையை வெள்ளை வேட்டித் தலைப்பால் அழுத்தித் தேய்த்து என்னிடம் காட்டினார். லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது.

"பாரு தம்பி. இந்தத் தரைல ஒரு வெள்ளப் பீஸு உழுந்தா ரிஜெக்ட்டு. வர்றவன் கெட்டிக்காரனா இருந்தா மொதல்ல இதத்தான் பாப்பான்."

காவித் தரைக்கு மேல் வெள்ளை மொசைக் போட்டார்கள். சுவர்கள் இளம் பச்சையாக இருந்தன. அதுவும் ஆகாது என்றார். பச்சைச் சுவருக்கு நடுவே வைத்துத் துணி பார்த்தால் எல்லாத் துணியிலும் பச்சை ஏறித் தெரியும். ஷேடு பார்க்கும் இடத்தில் சுவர் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். எனவே கூடம் முழுக்க வெள்ளை டிஸ்டம்பர், கூரையில் எட்டு டியூப்லைட். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவரையும், ஓர் அறையின் சுவரையும் எடுத்துவிட்டு இரும்பு கர்டர் கொடுத்தார்கள். பின்பக்கத்து வலை ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டு இறுக மூடினார்கள். அது வெளிச்சத்துக்காக இல்லை. வீடு பார்க்க வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழைத்து வருவதென்று நாச்சிமுத்து சொன்னதற்கும் அதே காரணம்தான். ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஓடாது.

இத்தனை நாளும் அண்ணி முன் வராண்டாவில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தார். சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக் கட்டியிருந்தார். சுவர் இடித்த தூசியில் இரண்டு முறை ஊசி போட வேண்டியதாயிற்று. அண்ணன் ஊசி போட அழைத்துப் போய்விட்டு வந்து, மறுபடி கொத்தனாரிடம் தரை மட்டம் பார்ப்பார். மனைவியைச் சீக்கிரம் வெளியே கொண்டுபோகத்தான் அவர் அவ்வளவு அவசரப்பட்டார். அந்த அவசரம் அண்ணியின் மூச்சைத்தான் பிடித்தது.

வேலை முடிந்த மாலை, எட்டு டியூப்லைட்டையும் ஒன்றாகப் போட்டார் அண்ணன். சமையல் மேடை கூடத்தின் ஓரத்தில் தனியாக நின்றது. அண்ணி சுற்றிலும் பார்த்தார்.

"எப்பிடி இருக்குது?"

"ஆசுபத்திரியாட்ட இருக்குதுங்க," என்றார் அண்ணி. "கட்டலு ஒண்ணுதான் இல்ல."

5

ஆவணி முதல் ஞாயிறு ஒரு கம்பெனிக்காரர் மாருதி காரில் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. எங்கள் தெருவுக்கு வரும் சந்து திரும்பும் இடத்தில் இறங்கி நின்று, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் கையை விரித்துப் பார்த்தார்.

"டெம்போ திரும்புங்களா?"

"ரிவர்ஸ்ல வந்துருமுங்க," என்றார் நாச்சிமுத்து.

"டெம்போ ரிவர்ஸ்ல வருமுங்க. சிப்மெண்ட் தேதி ரிவர்ஸ்ல போகுங்களா?"

கார் போய்விட்டது. முன்பெல்லாம் துணி சைக்கிளிலும் மொபெட்டிலும் வந்து போனது. எங்கள் தெருவில் மிஷின் போட்டவர்களெல்லாம் அந்தக் காலத்தில் போட்டவர்கள். இப்போது ஏற்றுமதிக்குத் துணி டெம்போவில்தான் வருகிறது. தினமும் அந்தச் சந்தில் நடந்து வேலைக்குப் போன அண்ணனுக்கு, தரையில் ஒட்டுகிற சிவப்பு தெரிந்தது. சந்தின் திருப்பம் தெரியவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் வந்தவர்கள் அதே திருப்பத்தில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

நான்காவது ஞாயிறு, நாச்சிமுத்து நம்பிக்கையில்லாமல் அழைத்து வந்தவர் யூசுப். பனியன் கம்பெனிகளில் விழும் வெட்டுத் துணிக் கழிவை வாங்கி விற்பவர். உடன் அவர் மனைவி ஜமீலா, இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்த ஜமீலா, கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, ஊடு எங்கீங்க?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஜமீலா கையிலிருந்த குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அண்ணியின் முதுகைத் தடவிவிட்டார்.

அவர்கள் குடியிருக்கத்தான் வீடு தேடினார்கள். ஜமீலாவுக்கு வெள்ளைத் தரை பிடிக்கவில்லை. மூணு புள்ளைங்க ஓடற ஊட்ல இதை யார் துடைப்பது என்றார். வெள்ளைச் சுவரில் கை வைத்தால் தெரியும். அடுப்பு எரிவது வாசலில் நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது, சமையலறைக்குச் சுவர் வேண்டும். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "கட்டிக் குடுத்தர்றனுங்க. என்ன கலர் வேணுமோ சொல்லுங்க." பிறகு யூசுப்பையும் தரகரையும் கிணறு பார்க்க அழைத்துப் போனார்.

நான் குழந்தையோடு வராண்டாவில் நின்றேன். உள்ளே அண்ணி பேசுவது கேட்டது.

"அம்முணி, உங்க ஊட்ல ஆருக்காச்சும் இழுப்பு இருக்குதா?"

"இல்லீங்க்கா."

"நாளைக்கு வா. திங்கக்கெழம காலைல வந்து இந்த ஜன்னலத் தொறந்துட்டு நில்லு. அதுக்கப்பறம் வாங்கு. எனக்கு இந்த ஊட்ல வந்ததுதான் இது. இன்னிக்குப் பட்டற லீவு. அதனாலதான் உங்கள இன்னிக்கு வரச்சொன்னது."

கிணற்றுப் பக்கம் அண்ணன் தண்ணீரின் ருசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

6

அவர்கள் போனதும் அண்ணியே அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

"உனக்காகத்தான இத்தனையும் பண்றேன்?" என்று அண்ணன் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை. "நாலு வாரத்துல ஒருத்தன் உள்ள வந்தான். அவனையும் தொரத்திப்போட்ட. மார்கழி வந்தா என்ன பண்ணுவ?"

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆருங்க பதில் சொல்றது?"

"ஊரே இந்தக் காத்துலதான் இருக்குது!"

"அப்ப நம்ம மட்டும் எதுக்குங்க போறோம்?"

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

யார் சொல்வது சரி என்று அன்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இன்றும் முடியவில்லை. கோவையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தபோது, இரு தரப்பையும் கேட்டு எழுது என்று கற்பித்தார்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மனுஷியின் உயிருக்காகப் பேசினால் எப்படி எழுதுவது என்று கற்பிக்கவில்லை.

ஜமீலா குடும்பத்திடமிருந்து ஒரு சேதியும் இல்லை. என் விடுப்பு முடிந்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போக ரயில் ஏறும்போது அண்ணி வழியனுப்ப வரவில்லை, நெடி அதிகமாக இருந்ததால் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உள்ளே படுத்திருந்தார். லெஸ்டருக்கு வந்தபின் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியின் அருகிலேயே இருந்தேன்.

புரட்டாசி நடுவில் அண்ணன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அழைத்தார். ஜமீலா மட்டும் தனியாக வந்தாராம், ஒரு திங்கட்கிழமை காலை. அண்ணி சொன்னபடியே ஜன்னலைத் திறந்து, நெடி ஏறும்வரை நின்றிருக்கிறார். பிறகு சொன்னாராம்: "அக்கா, நாங்க இப்ப வீரபாண்டில சாயப்பட்டற காம்பவுண்டுக்குள்ளயே குடியிருக்கறோம். கட்டலுக்கு அடியிலயே சாயத் தண்ணி போவுது. அங்கிருந்து வந்து நின்னா, இது காத்தாட்டந்தான் இருக்குது."

விலை பேசி முடித்தார்கள். அண்ணன் சமையலறைச் சுவரை மறுபடி எழுப்பிக் கொடுத்தார். எட்டு டியூப்லைட்டில் ஆறைக் கழற்றிக்கொண்டார். சுவர்களுக்கு ஜமீலா கேட்ட நிறம் இளம் பச்சை. பத்திரத்தின் நகலைப் பிறகு பார்த்தேன். நான்கெல்லை சொல்லும் இடத்தில், 'பிளீச்சிங் பட்டறைக்குக் கிழக்கு' என்று ஒரு திசையாக அது எழுதப்பட்டிருக்கிறது. இங்கே லெஸ்டரில் வழக்கறிஞர் அனுப்பிய படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி உண்டு: அண்டை அயலாரால் தொல்லை ஏதும் இருக்கிறதா? இல்லை என்று எழுதினேன். அது உண்மை.

7

கயலின் அறையைத் தவிர எல்லா அறைகளுக்கும் பால் நிறம் அடித்துவிட்டேன். அவள் அறையைத் தொடவில்லை. முகவரிடம் சொன்னபோது, விலையில் கொஞ்சம் குறையலாம் என்றார். குறையட்டும் என்றாள் செல்வி. சாமி படங்களை மட்டும் ஒரு சூட்கேஸில் வைத்துப் பரணில் ஏற்றியிருக்கிறாள். காலையில் விளக்கேற்றும் நேரத்துக்குப் பழக்கத்தில் படிக்கட்டடிக்குப் போய், வெறும் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறாள்.

போன சனிக்கிழமை ஓர் இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். காப்பி போட்டு வைத்தோம். அவர்கள் கூடத்தில் இரண்டு நிமிடம் நின்றார்கள், நீல அறையில் பத்து நிமிடம் நின்றார்கள். பிடித்ததா, பயந்தார்களா என்று முகத்தில் தெரியவில்லை. இன்னும் பதில் வரவில்லை. அன்று சாயங்காலம் செல்வி மூன்று நாள் பொறுத்ததற்கும் சேர்த்துக் கடுகும் பெருங்காயமும் தாளித்தாள்.

அண்ணனும் அண்ணியும் தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் ஊத்துக்குளிக்குக் குடி போனார்கள். அண்ணன் தினமும் ரயிலில் வேலைக்கு வந்து போகிறார். மழைக்காலத்தில் அண்ணிக்கு ஒன்றிரண்டு முறை இழுப்பு வரும், ஊசி வேண்டியிருப்பதில்லை. சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது என்னால் குறுக்கே புக முடியாத அளவுக்கு மூச்சு விடாமல் பேசினார்.

அன்று ஜமீலாவின் இடுப்பில் இருந்த பெண்ணுக்கு இப்போது ஏழு வயது. இரண்டு வருடமாக இழுப்பு இருக்கிறது. ஊத்துக்குளியில் அண்ணி வீட்டில் இருந்துகொண்டு அங்கேயே இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.